எத்தனை இரவு?

ஆலைச் சங்கு ஊதி அரைமணி நேரம் ஆகியிருக்கும். நமது அலுவலகப் படியேறி வந்தார் ஒரு தோழர். முப்பது ஆண்டுகளாகக் கொடி பிடித்த கை. பஞ்சுத் தூசு படிந்த சட்டை. பொதுக்கூட்டத்துக்குத் தேதி கேட்க வந்திருக்கிறார் என்றே எண்ணினோம். அவரோ சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்து நைந்துபோன நோட்டீஸ் ஒன்றை எடுத்து மேஜைமீது விரித்தார்.

"அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயசு, தம்பி. கேதார்நாத் போயே தீரணும்கிறா. எனக்கு இதிலே ஈடுபாடு இல்லேன்னு உங்களுக்கே தெரியும். ஆனா, பெத்தவ கேட்கிறாளே! போனஸ் பணத்தைத் தொடாம அப்படியே வச்சிருக்கேன். இந்த நோட்டீஸ் சரிதானா, படிச்சுச் சொல்லுங்க."

படித்தோம். ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். அந்தத் தோழருக்குச் சொன்னதையே இன்று ஊரறியச் சொல்கிறோம்.

இந்த ஏட்டுக்கும் இமயமலைக்கும் என்ன தொடர்பு என்று புருவத்தை நெரிக்கும் நண்பர் இருக்கக்கூடும். அவருக்குச் சொல்லுவோம்: போவதா, வேண்டாமா என்பது அந்தத் தாயின் உரிமை, அதை எடைபோட நாம் தராசு தூக்கவில்லை. ஆனால், பாட்டாளி ஒருவன் ஓராண்டு உழைத்துச் சேர்த்த போனஸ் பணமும், அவனைப் பெற்றவளின் மூச்சுக் காற்றும் ஒரு துண்டுத் தாளை நம்பி மலையேறப் போகும்போது, அந்தத் தாளில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பது நமது கடமை. யாத்திரை அவர்களுடையது, கணக்கு நம்முடையது!

நோட்டீஸ் வழவழப்பானது. மேலே பனிமலை, நடுவே கோயில், கீழே கட்டணம். சென்னையிலிருந்து சென்னைக்குப் பத்து நாள், ஒன்பது இரவு. தென்னாட்டுச் சமையல்காரர் உடன் வருவாராம். காலையில் காப்பி உண்டாம். பகலில் சாம்பார், ரசம், மோருடன் சாப்பாடாம். அனுபவமிக்க வழிகாட்டியாம். முன்பணம் கட்டினால் தோள்பை இலவசம், குல்லாயும் இலவசம்!

எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அந்தக் கோயில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற செய்தி, தாளை முன்னும் பின்னும் புரட்டினாலும் கிடைக்கவில்லை.

நாம் சொல்கிறோம்: 3,583 மீட்டர். அடிக்கணக்கில் 11,700-க்கும் மேல். நமது நீலகிரியின் நெடுமுடி தொட்டபெட்டா. அதன் உயரம் 2,637 மீட்டர். அதற்கும் மேலே இன்னும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயர்ந்து நிற்கும் இடம் கேதாரம். அங்கே காற்று மெலிந்திருக்கிறது. மெரினாக் கடற்கரையில் ஒரு மூச்சு இழுத்தால் கிடைக்கும் பிராணவாயுவில், ஏறத்தாழ மூன்றில் இரு பங்குதான் அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். பழனிப் படியேறிய கால்தானே, திருப்பதி மலையேறிய உடம்புதானே என்று எண்ணுவோர் உண்டு. கால் பழகியிருக்கலாம், நுரையீரல் பழகவில்லையே!

பழகுமா? பழகும். மனித உடல் அவ்வளவு மோசமான எந்திரமன்று. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை பணமன்று, இரவு! மலை மருத்துவம் படித்தவர்கள் சொல்லும் விதி எளியது: தாழ்ந்த ஊரிலிருந்து கிளம்பி ஒரே நாளில் 2,750 மீட்டருக்கு மேலே சென்று உறங்காதே. 3,000 மீட்டரைத் தாண்டியபின், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டாதே. பகலில் எவ்வளவு ஏறினாய் என்பதைவிட, இரவில் எங்கே படுத்தாய் என்பதே உடலுக்குப் பெரிது.

இப்போது அந்த நோட்டீஸின் ஒன்பது இரவுகளையும் விரல்விட்டு எண்ணுவோம், வாருங்கள்.

டில்லிக்குப் போக ரயிலில் இரண்டு இரவு, திரும்பி வர இரண்டு இரவு. ஆக நான்கு போயிற்று. ஹரித்வாரத்தில் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. ஆக ஆறு. குப்தகாசியில் ஏறுமுன் ஒன்று, இறங்கியபின் ஒன்று. ஆக எட்டு. எஞ்சிய ஒன்பதாவது இரவு கேதாரத்தில். ஹரித்வாரம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம். குப்தகாசி ஏறத்தாழ 1,300 மீட்டர். அதாவது, மலைநாட்டில் ஒரே ஓர் இரவு படுத்துறங்கிவிட்டு, மறுநாள் ஒரே மூச்சில் 2,200 மீட்டருக்குமேல் உயர்ந்து, அறுபத்தெட்டு வயதுத் தாய் பனிமலையில் படுக்கவேண்டும்! 500 எங்கே, 2,200 எங்கே! இதற்குப் பெயர் புனித யாத்திரையா? பந்தயக் குதிரைக்குக்கூட இதைவிட அதிக ஓய்வு கொடுப்பார்களே!

விளைவு என்ன? முதலில் தலைவலி, பிறகு குமட்டல், சோற்றைக் கண்டால் வெறுப்பு, உறக்கமில்லை. "பயணக் களைப்பு, போர்த்திக்கொண்டு படுங்கள், சரியாகிவிடும்" என்பார் வழிகாட்டி. சரியாகாமலும் போகலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கிறது என்று பொருள். அதற்கு ஒரே முதன்மையான மருந்து, கீழே இறக்குவது. உடனே இறக்குவது. பிராணவாயு உருளை பொழுதை நீட்டித் தரும், இறக்கத்துக்கு ஈடாகாது.

அச்சுறுத்துகிறோமா? இல்லை. 2022-ஆம் ஆண்டுப் பருவத்தில் கேதாரம், பத்ரி, கங்கோத்ரி, யமுனோத்ரி ஆகிய நான்கு தலங்களின் பாதையில் மாண்ட யாத்திரிகர் நூற்றுக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளத்தில் போனவர்கள் அல்லர். பாறை விழுந்து போனவர்கள் அல்லர். இதயம் நின்றும் மூச்சுத் திணறியும் போனவர்கள். அதன்பின் உத்தரகண்ட் அரசே அறிவுரை வெளியிட்டது: குறைந்தது ஏழு நாள் திட்டமிட்டு வாருங்கள், உடலைப் பழக்குங்கள், ஒவ்வொரு மணி நேர நடைக்கும் நின்று இளைப்பாறுங்கள், 55 வயதைத் தாண்டியவர்களும் நோயுள்ளவர்களும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று. அரசு சொன்னது. நோட்டீஸ் அச்சடித்தவரின் காதில் அது விழவில்லை!

ஏன் விழவில்லை? இங்கேதான் பொருளாதாரம் இருக்கிறது, தோழர்களே. ஓர் இரவு கூடினால் அறை வாடகை கூடும். சமையல்காரருக்கு ஒருநாள் கூலி கூடும். பஸ் ஒருநாள் கூடுதலாக நிற்கும். பக்கத்துக் கடைக்காரர் பத்து நாளுக்கு நோட்டீஸ் போட்டால், இவர் பன்னிரண்டு நாளுக்குப் போட முடியாது. கூட்டம் அங்கே போய்விடும். சாம்பாரைக் குறைத்தால் பயணி சண்டைக்கு வருவார். குல்லாய் கொடுக்காவிட்டால் கோபிப்பார். இரவைக் குறைத்தால்? ஒருவரும் கேட்கமாட்டார்! ஏனென்றால் அந்த இரவின் பயன் யாருக்கும் தெரியாது. ஆகவே, உயிரைக் காக்கும் பண்டம் எதுவோ, அதைத்தான் முதலில் வெட்டுகிறது வாணிபம்.

வணிகரை மட்டும் குற்றஞ்சாட்டி நழுவிவிட நாம் விரும்பவில்லை. தொழிலாளிக்குக் கிடைக்கும் விடுமுறையும் அளந்த விடுமுறைதானே! "பத்து நாளைக்குமேல் லீவு இல்லை" என்று ஃபோர்மன் சொல்லுகிறார். "பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்று ஏஜெண்டு சொல்லுகிறார். இரண்டு பத்துக்கும் நடுவே சிக்கி மூச்சுத் திணறுகிறாள் ஒரு தாய்.

சரி, ஆகாய மார்க்கம் இருக்கிறதே என்பார்கள். குப்தகாசிப் பக்கத்திலிருந்து ஹெலிகாப்டர் ஏறினால் சில நிமிடங்களில் கேதாரம். கால் நோகாது, உண்மை. ஆனால், காலுக்குக் கிடைத்த அந்தச் சலுகை நுரையீரலுக்கு இல்லை. அம்மட்டோ! 2022 அக்டோபர் 18-ஆம் நாள், பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் ஒன்று மலையில் மோதி நொறுங்கியது. விமானி உட்பட எழுவர் மாண்டனர். அவர்களில் மூவர் தமிழ்நாட்டவர். 2025 ஜூன் 15-ஆம் நாள், கௌரிகுண்டத்தருகே இன்னொன்று விழுந்தது. மீண்டும் எழுவர், அவர்களில் ஒன்று சிறு குழந்தை. மலையின் வானிலை நேர அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை. "இன்றே போயாகவேண்டும், நாளை ரயில்" என்று அட்டவணை நெருக்கும் இடத்தில், "இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்" என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? அதற்கும் கையிருப்பில் ஓர் இரவு வேண்டுமே!

டில்லி ஆட்சியாளர் இன்னொரு வழி கண்டிருக்கிறார்கள். சோன்பிரயாகையிலிருந்து கேதாரத்துக்கு 12.9 கிலோமீட்டர் கம்பிவடப் பாதை. செலவு 4,081 கோடி ரூபாய். 2025 மார்ச் 5-இல் மந்திரிசபை ஒப்புதல் தந்தது. எட்டொன்பது மணி நேர ஏற்றம் 36 நிமிடமாகச் சுருங்குமாம். நாளொன்றுக்கு 18,000 பேர் போகலாமாம். முடவரும் முதியவரும் போக வழி பிறக்கும், கோவேறு கழுதையின் முதுகுப் புண் ஆறும், இவற்றை மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: நேரத்தைச் சுருக்கும் 4,081 கோடி எந்திரத்துக்கு ஒப்புதல் தந்தவர்கள், உடல் பழக வேண்டிய நேரத்துக்கு என்ன ஒதுக்கினார்கள்? அந்தப் பாதையில் கூடைபோன்ற கண்டியில் ஆளை உட்காரவைத்து முதுகில் சுமக்கிறானே, அந்தச் சுமை தூக்குவோனுக்கும், கோவேறு கழுதை ஓட்டுவோனுக்கும் என்ன மாற்று வேலை வைத்திருக்கிறார்கள்? நம் தாயைச் சுமந்துகொண்டு ஏறும் அவனும் கூலிக்காரன்தான். அவன் மூச்சும் மூச்சுதான்!

கூட்டத்தையும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டில் கேதாரத்துக்கு மட்டும் போனவர்கள் 19 லட்சத்துக்கும் மேல். ஆண்டெல்லாம் பரவிய கூட்டமன்று. சித்திரை வைகாசி வாக்கில் நடை திறந்து, தீபாவளியை ஒட்டி மூடும் ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் ஏறிய கூட்டம். ஒரு பக்கம் பனிச் சிகரம், மறுபக்கம் மந்தாகினி ஆறு, நடுவே குறுகலான பாதை. 2022-இல் நாளொன்றுக்கு 12,000 பேர் என்று அரசு வரம்பு கட்டியதும் அதனால்தான். பதிவுச் சீட்டு இல்லாமல் இப்போது போக முடியாது.

அந்த மலை சீறினால் எப்படி இருக்கும் என்பதை நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2013 ஜூன் 16, 17. விடாத மழை. கோயிலுக்கு மேலே பனியாற்றின் ஓரத்தில் இருந்த சோராபாரி ஏரி உடைந்தது. தண்ணீரும் சேறும் பாறையும் ஒன்றாய்த் திரண்டு வந்தன. கோயில் நின்றது, சுற்றியிருந்த விடுதிகளும் கடைகளும் போயின. பாதியில் இளைப்பாறும் ஊரான ராம்பாரா இருந்த சுவடே இல்லை. உத்தரகண்ட் முழுவதிலும் மாண்டவர்களும் காணாமற் போனவர்களும் ஐயாயிரத்துக்கும் மேல். பிறகு ஆற்றின் மறுகரையில் புதுப்பாதை போட்டார்கள். கௌரிகுண்டத்திலிருந்து இப்போது ஏறத்தாழ 16 கிலோமீட்டர் நடை. 2024 ஜூலை 31 இரவு கொட்டிய மழையில் அந்தப் பாதையும் பல இடங்களில் அறுந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கால்நடையாகவும் ஹெலிகாப்டரிலும் மீட்டார்கள். ஆடி ஆவணி மழையில் "கட்டணக் குறைப்பு" என்று நோட்டீஸ் வந்தால், குறைந்தது கட்டணம் மட்டுமா என்று கேளுங்கள்.

பக்தி மிகுந்த பெரியவர்களிடம் இவற்றைச் சொன்னால், "அவன் பார்த்துக்கொள்வான்" என்பார்கள். அவர்களுக்கு அவர்கள் போற்றும் நூலையே நினைவூட்டுவோம். கேதாரத்தின்மீது சம்பந்தரும் பாடினார், சுந்தரரும் பாடினார். இருவரும் அந்த மலை ஏறவில்லை. காளத்தியில் இருந்தபடியே பாடினர் என்பது மரபு. அப்பரோ கயிலைக்கே புறப்பட்டார். கால் தேய்ந்தது, தவழ்ந்தார். கை தேய்ந்தது, உருண்டார். அப்போது முனிவர் வடிவில் இறைவனே எதிர்வந்து, மானிட உடலால் ஆகாது, திரும்பிப் போ என்று சொன்னதாகவும், பிறகு திருவையாற்றிலேயே கயிலைக் காட்சி கிடைத்ததாகவும் சேக்கிழார் சொல்லுகிறார். கதை மெய்யா என்ற வாதம் இன்று வேண்டாம். நம்புகிறவர்கள் அதிலுள்ள பாடத்தையும் நம்பட்டும்: "திரும்பிப் போ" என்ற சொல் அப்பருக்கே சொல்லப்பட்டது. திரும்புவது பக்திக்கு இழுக்கன்று!

ஆனால் அந்த நோட்டீஸின் அடியில் எறும்பெழுத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? நோயினாலோ, வானிலையினாலோ, பாதை அடைபட்டதாலோ பயணம் தடைப்பட்டால் பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று இருக்கிறது. முனிவர் திரும்பச் சொன்னாலும் முன்பணம் திரும்பாது! மூச்சு வாங்கும் தாய், "மகன் கட்டிய பணம் வீணாகிறதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறுவாளா, மாட்டாளா? அந்த ஒற்றை வரி எத்தனை பேரைப் பிடரியைப் பிடித்து மேலே தள்ளும்!

ஆகவே, கேதாரமோ பத்ரியோ, நேபாளத்து முக்திநாதமோ, எந்த உயர்மலை யாத்திரைக்குப் பணம் கட்டுமுன்பும் கேட்க வேண்டியவற்றைக் குறித்துத் தந்தோம். தோழர்களும் குறித்துக்கொள்ளட்டும்.

ஒன்று: ஒவ்வோர் இரவும் எந்த ஊரில், எவ்வளவு உயரத்தில் உறக்கம்? எழுதித் தா. ஏறுமுன் மலையில் குறைந்தது இரண்டு மூன்று இரவு இருக்கவேண்டும். அதில் ஒன்றேனும் 2,600 மீட்டர் வாக்கில் இருக்கும் சோப்டா போன்ற இடமாக இருந்தால் நன்று.

இரண்டு: பாதை மூடினால் தங்குவதற்குக் கையிருப்பு இரவு உண்டா?

மூன்று: வழிகாட்டி கூட்டத்தின் தலையில் நடப்பாரா, வாலில் நடப்பாரா? பின்தங்கும் கிழவியோடு ஓர் ஆள் நடக்கவேண்டும். அவருக்குத் தமிழும் இந்தியும் தெரிந்திருக்கவேண்டும். "நெஞ்சை அடைக்குதப்பா" என்று அவள் தமிழில் சொல்வதை, அங்குள்ள மருத்துவரிடம் யார் சொல்லுவது?

நான்கு: ஒருவர் நோயுற்றால் உடனே இறக்கிவிட ஆள் யார், பணம் யாருடையது? திரும்பினால் எவ்வளவு திருப்பித் தருவாய்?

ஐந்து: இதய நோய், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்களை மருத்துவரிடம் காட்டி எழுத்து வாங்கச் சொல்லுகிறாயா? சொல்லாதவர் வழிகாட்டியல்லர், வண்டி நிரப்புகிறவர்.

இத்தனையும் தனி ஆள் கேட்டால் தள்ளிவிடுவார்கள். ஆகவே அரசும் கேட்கவேண்டும். மருந்துப் புட்டியில் அளவு அச்சிடாமல் விற்க முடியாது. பஸ்ஸில் எத்தனை பேர் அமரலாம் என்று எழுதாமல் ஓட்ட முடியாது. மனிதரை 3,583 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிச் செல்லும் நோட்டீஸில் மட்டும் உயரத்தை மறைக்கலாமா? உயர்மலைப் பயண விளம்பரம் ஒவ்வொன்றிலும், இரவு தங்கும் இடத்தின் உயரம் அச்சிடப்படவேண்டும். இன்ன உயரத்துக்கு இத்தனை இரவு என்று விதி செய்யவேண்டும். எல்லாக் கடைக்காரருக்கும் ஒரே விதி என்றால், இரவை வெட்டி விலையைக் குறைக்கும் போட்டி ஒழியும். நாணயமான வணிகரும் பிழைப்பார். எட்டு மணி நேர வேலையும் முதலாளி தாமாக மனமிரங்கித் தந்ததன்று, கேட்டுப் பெற்றது. மலையில் இரண்டு இரவும் அப்படித்தான் வரும்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தோழர் மறுபடி வந்தார். "கேட்டேன், தம்பி. இதுவரைக்கும் ஒருத்தரும் இப்படிக் கேட்டதில்லையேன்னு முழிச்சார். தனி ஆளுக்காக மாத்த முடியாதுன்னுட்டார்."

"அப்புறம் என்னண்ணே செய்தீர்கள்?"

"எங்க தெருவிலே போறதா இருந்த பதினோரு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். சங்கத்திலே கத்துக்கிட்டதுதானே! ரெண்டு ராத்திரி கூட்டித் தர்றேன்னு எழுதிக் கொடுத்திருக்கார். தலைக்குக் கொஞ்சம் பணம் கூடுது. மழை முடிஞ்சு புரட்டாசிக் கடைசியிலே பயணம். அதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டே காட்டணும். அவர் வேணாம்னா வேணாம்தான்."

"அம்மா என்ன சொன்னார்கள்?"

தோழர் சிரித்தார். "மலையை ரெண்டு நாள் கூடப் பார்த்துக்கிட்டு இருக்கலாம்னா எனக்குக் கசக்குமாடான்னு கேட்கிறா!"

அந்தத் தாய்க்குப் புரிந்தது. நாட்டுக்கும் புரியவேண்டும். இனி அந்த வழவழப்பான தாள் எவர் கைக்கு வந்தாலும், கட்டணத்தைப் பிறகு பாருங்கள். குல்லாயைப் பிறகு வாங்குங்கள். முதலில் கேளுங்கள், உரக்கக் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள்: எத்தனை இரவு?